பழைய எம்ஜிபி காரை வாங்கிச் சீரமைக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் வசிக்கும், கார் பழுதுபார்ப்பில் முன்னனுபவம் இல்லாத, ஆனால் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வீட்டுக் கராஜிலேயே சீரமைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகுந்த தொல்லை தந்தது எஞ்சினோ மின்கம்பிகளோ அல்ல. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்பதை ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாததுதான். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

முதல் காராக, எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியைப் பரிந்துரைக்கிறேன். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஆபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்தன. ஏறத்தாழ எல்லா உதிரிபாகங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முழு பாடியைக்கூடப் புதிதாக வாங்கலாம். ஜாகுவார் ஈ-டைப், டிரையம்ப் ஸ்டாக் போன்றவற்றின் மீது கண் இருந்தாலும், முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். அங்கே ஒவ்வொரு பிழைக்கும் விலை பல மடங்கு.

1. காரைத் தேடும் முன் இடத்தையும் பணத்தையும் உறுதிசெய்யுங்கள்

எம்ஜிபியின் நீளம் ஏறக்குறைய 4 மீட்டர், அகலம் ஏறக்குறைய 1.5 மீட்டர். இந்த அளவைப் பார்த்து எந்தக் கராஜிலும் அடங்கிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரித்த கார் முழுக் காரைப் போல இரு மடங்கு இடம் கேட்கும். கதவுகள், பானெட், இருக்கைகள், பெட்ரோல் டாங்க் ஆகியவற்றை அடுக்க வேறொரு இடம் வேண்டும். கூரை ஒழுகாத, மின் இணைப்பு உள்ள இடமாக இருப்பது கட்டாயம். தெருவில் நிறுத்தி வைத்துச் செய்யலாம் என்பது நடவாத காரியம். அதற்கான சட்டத் தடையை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, காரின் விலையைத் தனியாகவும் சீரமைப்புச் செலவைத் தனியாகவும் எழுதி வையுங்கள். ஓடாத, துருப்பிடித்த எம்ஜிபிகள் ஆயிரம் முதல் மூவாயிரம் பவுண்டுக்குள்ளும், ஓடுகிற நிலையிலுள்ள சுமாரான கார்கள் அதற்கு இரண்டு மூன்று மடங்கு விலையிலும் விற்பதைப் பார்த்திருக்கிறேன். மலிவான காரை வாங்கினால் மிச்சம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் நேர்மாறாக வரும்: நல்ல பட்டறையில் முழுக் காருக்குப் பெயிண்ட் அடிக்க மட்டுமே நான்காயிரம் பவுண்டுக்கு மேல் கேட்பார்கள், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் செய்யும் புதிய பாடியின் விலை பத்தாயிரத்தைத் தாண்டும். முழுமையாகச் சீரமைத்த பிறகும், பெரும்பாலான எம்ஜிபிகள் செலவழித்த தொகைக்கு விற்பதில்லை. இலாபம் உங்கள் நோக்கமானால் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2. எந்த எம்ஜிபி என்பதைத் தீர்மானியுங்கள்

திறந்த கூரையுள்ள ரோட்ஸ்டர், மூடிய கூரையும் பின்கதவும் உள்ள ஜிடி என இரு வகை உண்டு. சேசிஸ் எண் ஜிஎச்என் என்று தொடங்கினால் ரோட்ஸ்டர். ஜிஎச்டி என்று தொடங்கினால் ஜிடி. 1974-இன் பிற்பகுதி வரை வந்தவற்றில் குரோம் பம்பர். அதன் பிறகு, அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப, பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, காரின் உயரமும் கூடியது. குரோம் பம்பர் ரோட்ஸ்டருக்குத்தான் சந்தையில் மவுசு.

புதியவர் ரப்பர் பம்பர் ஜிடியை வாங்குவதே மேல் என்பது என் கருத்து. விலை குறைவு, கூரை இருப்பதால் பாடி விறைப்பாக நிற்கும், வெல்டிங் செய்யும்போது எளிதில் கோணாது, மழைத்தண்ணீரும் உள்ளே குறைவாகவே இறங்கும்.

அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலிருந்து துருவில்லாத எம்ஜிபிகளைத் திரும்பக் கொண்டுவந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பாடி நன்றாகவே இருக்கும்; ஆனால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும், இருக்கை உறைகளும் டாஷ்போர்டும் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். இன்னும் இங்கே பதிவு செய்யாத கார் என்றால், காரை இறக்குமதி செய்ததைத் தெரிவிக்கும் நோவா அறிவிப்பைச் சுங்கத் துறைக்குக் கொடுத்ததற்கான சான்று இல்லாமல் பணம் தராதீர்கள். அது இல்லாமல், வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ பதிவு செய்யாது.

3. நேரில் போகும் முன் பதிவெண்ணைச் சோதியுங்கள்

பதிவெண் ஒன்று இருந்தால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே பலவற்றை அறியலாம். வரி நிலை, சாலைக்கு வெளியே வைத்திருப்பதாக அறிவித்த சோர்ன் நிலை, பதிவான நிறம் ஆகியவை ஒரு பக்கத்தில் வரும். காரின் தகுதியைப் பார்க்கும் ஆண்டுச் சோதனையான எம்ஓடியின் வரலாறு இன்னொரு பக்கத்தில் 2005 வரை பின்னோக்கிக் கிடைக்கும். பலர் அதில் தேறியதா, தேறவில்லையா என்பதை மட்டும் பார்த்து மூடிவிடுகிறார்கள். நீங்கள் எச்சரிக்கைக் குறிப்புகளை வரி விடாமல் படியுங்கள். சீட் பெல்ட் பொருத்துமிடத்துக்கு அருகில் அரிப்பு, பின் ஸ்பிரிங் பிடிப்பில் அரிப்பு என்று ஆண்டுதோறும் எழுதியிருந்து, பிறகு எந்தக் குறிப்பும் இல்லாமல் திடீரெனத் தேறியிருந்தால், இடையில் செய்த வெல்டிங் வேலையின் ரசீதைக் கேளுங்கள்.

இன்னொரு பொறி: 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. ஆகவே பல எம்ஜிபிகளின் வரலாறு அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. “எம்ஓடி தேவையில்லாத கார்” என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தால், அதை அவ்வளவு காலம் யாரும் அடியில் குனிந்து பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழிக்கப்பட்ட வரலாறு ஆகியவற்றுக்குத் தனியார் சோதனை அறிக்கை ஒன்றையும் வாங்குங்கள். செலவு சிறிது.

4. நேரில் பார்க்கும்போது பாடியில்தான் நேரத்தைச் செலவிடுங்கள்

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். காரின் வலு முழுவதும் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ எனப்படும் தகட்டுப் பெட்டியில் இருக்கிறது. வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு, அடியில் காசில் ரெயில் என அது பல அடுக்குகளால் ஆனது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு, சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடான விங்குக்குள் இருக்கும் தடுப்புத்தகடு அரித்துப்போனதும், நேராகச் சில்லின் முன்முனையில் போய்ப் படிகிறது. அங்கே ஈரம் தங்கி, உள்ளிருந்து வெளியே துருவேறுகிறது. வெளியில் கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

சோதனைக்கு ஒரு டார்ச், கைக்குட்டையில் சுற்றிய சிறு காந்தம், முழங்காலிட ஒரு பாய் இருந்தால் போதும். முதலில் கதவு இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும்; பின்பக்க இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. உரிமையாளர் சம்மதித்தால், ஜாக் வைக்கும் இடத்தில் காரைச் சற்றே உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு பிடித்தால், அல்லது ஜாக் மேலே எழும்போது கார் எழாமல் தகடு நொறுங்கும் ஓசை கேட்டால், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

காந்தத்தைச் சில் முழுவதும், சக்கர வளைவுகளைச் சுற்றியும், கதவின் அடிப்பகுதியிலும் இழுத்துச் செல்லுங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. நான் பார்த்த ஒரு காரில் பின்சக்கர வளைவு கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. உட்புறம் கையை விட்டபோது விரலில் தட்டுப்பட்டது தகடு அல்ல, அலுமினிய வலையும் அதன் கண்களில் பிதுங்கி உறைந்த பட்டியும்தான். இப்படி மறைப்பதற்கு இன்னொரு வழி, அழுகிய சில்லின் மேலேயே புதிய தகட்டை மூடி வெல்டிங் செய்வது. அதைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: ஆலையில் செய்த சில், முன் விங்குக்கும் பின் விங்குக்கும் உள்ளே நீண்டு செல்லும். முறையாக மாற்ற முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும். விங்கின் விளிம்போடு புதுத் தகடு நின்றுவிட்டால், பழைய துரு உள்ளே அப்படியே இருக்கிறது.

பிறகு இருக்கைக்குப் பின்னாலுள்ள பாட்டரிப் பெட்டிகள், கால் வைக்கும் தரைத்தகடு, பின் ஸ்பிரிங் பிடிப்புகள், டிக்கியின் தரை ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு கெட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சில்லும் கெட்டு, ஸ்பிரிங் பிடிப்புகளும் கெட்டிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் அந்தக் காரைப் புதியவர் எடுக்கக் கூடாது.

5. எஞ்சினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

1798 சிசி பி-சீரீஸ் எஞ்சின் எளிமையானது, பாகங்கள் மலிவு. சூடான பின் ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்கு மேல் இருந்து, நின்று ஓடும்போது 10-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதுமானது. எஞ்சின் ஓடவே இல்லை என்றாலும், கையால் சுற்ற முடிகிறதென்றால் அது பேரத்துக்கான காரணம்தான், கைவிடுவதற்கானது அல்ல. நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். பின்னால் சேர்ப்பது செலவு. கம்பிச் சக்கரங்கள் இருந்தால் மையப் பற்களைப் பாருங்கள், கூர்மையாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

6. வாங்கும் நாளின் ஆவணங்கள்

லாக்புக் எனப்படும் வி5சி, காரை யார் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுமே தவிர, உரிமைக்கான சான்று அல்ல. அந்தத் தாளிலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். எனவே விற்பவரின் பெயர், முகவரி, தேதி, சேசிஸ் எண், தொகை, கையொப்பம் எல்லாம் அடங்கிய ரசீது தனியாக வேண்டும். காரின் மேலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் லாக்புக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

விற்பவர் டிவிஎல்ஏவுக்கு இணையத்தில் அறிவித்துவிட்டு, பச்சை நிறத் துண்டுச் சீட்டை உங்களிடம் தருவார். புதிய லாக்புக் வரும்வரை அதுதான் உங்கள் பிடிமானம். லாக்புக்கே இல்லாத கார் என்றால் வி62 படிவத்தோடு 25 பவுண்டு கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய உரிமையாளர் மறுத்தால் சிக்கல் நீளும் என்பதால், விண்ணப்பிக்கும் பொறுப்பை விற்பவர் மேல் போட்டுவிட்டு, கையில் லாக்புக் வந்த பிறகு பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

கார் கைமாறியதும் பழைய வரி செல்லாது. விற்பவரின் சோர்ன் அறிவிப்பும் உங்களுக்கு மாறாது. அன்றே உங்கள் பெயரில் சோர்ன் அறிவியுங்கள். கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. மறந்தால் அபராதக் கடிதம் வரும். சோர்ன் அறிவித்த காரைப் பொதுச் சாலையில் நிறுத்தவும் கூடாது, முன்பதிவு செய்த எம்ஓடிக்குச் செல்வதைத் தவிர ஓட்டவும் கூடாது. ஆகவே வீட்டுக்குக் கொண்டுவரும் டிரெய்லர் வாடகையையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை ‘வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். கிளாசிக் கார் காப்பீட்டாளர்கள், ஓடாமல் கராஜில் நிற்கும் காருக்குத் தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் குறைந்த கட்டணத்தில் காப்பு தருகிறார்கள். வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்பதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

7. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிக்காதீர்கள்

பாதியில் விற்பனைக்கு வரும் கார்களைப் பாருங்கள்: பெரும்பாலும் அட்டைப்பெட்டிகளோடு வரும். முதல் மாத உற்சாகத்தில் கடைசி ஆணி வரை கழற்றிவிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்பவர்களுடையவை அவை. ஒரு பகுதியைப் பிரித்து, சரிசெய்து, பொருத்தி, அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு கழற்றலுக்கும் முன் படமெடுத்து, ஆணிகளைச் சிறு பைகளில் இட்டு, இடத்தின் பெயரைப் பையிலேயே எழுதுங்கள். புதிய பாகம் பொருந்தி ஓடும் வரை பழையதை வீசாதீர்கள். இன்று செய்யப்படும் ரோட்டர் ஆர்ம், கண்டென்சர், ரப்பர் புஷ் ஆகியவற்றில் தரமற்றவை ஏராளம், ஐம்பது வயதான அசல் பாகமே மேலாக இருந்து மீண்டும் ஏறுவது உண்டு.

இந்தக் காரின் ஆணிகளுக்கு அங்குல அளவிலான ஏஎஃப் ஸ்பேனர்கள் வேண்டும். வீட்டிலுள்ள மில்லிமீட்டர் ஸ்பேனரை ஏறத்தாழப் பொருந்துகிறது என்று போட்டால் முனைகள் உருண்டுவிடும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஒருபோதும் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம்.

8. வெல்டிங்: எங்கே நீங்கள், எங்கே பட்டறை

ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள தகட்டை மிக் வெல்டரால் ஓட்டையில்லாமல் ஒட்டுவதை, ஒரு மாலைக் கல்லூரி வகுப்பிலும் கழிவுத் தகட்டுப் பயிற்சியிலும் கற்றுக்கொள்ள முடியும். பாட்டரித் தட்டு, தரைத்தகட்டின் ஒட்டு ஆகியவற்றில் தொடங்குங்கள். சில்லை உங்கள் முதல் வெல்டிங் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சில்லை மாற்றுவதில் மீறக் கூடாத விதிகள் மூன்று. வெட்டும் முன், கதவுத் திறப்பின் குறுக்கே முன்தூணையும் பின்தூணையும் இணைத்து இரும்புக் குழாய் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். ரோட்ஸ்டரில் இதைச் செய்யாமல் வெட்டினால் கார் நடுவில் மடங்கி, அதன் பின் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தகடுகளைத் தற்காலிகமாகக் கவ்விப் பிடித்து, கதவையும் விங்கையும் மாட்டி, இடைவெளிகளைப் பார்த்த பிறகே நிரந்தரமாக ஒட்ட வேண்டும். பாட்டரியைக் கழற்றுவதும், பெட்ரோல் டாங்கை இறக்கி வெளியே வைப்பதும், அருகில் தீயணைப்பான் வைப்பதும் இவற்றுக்கும் முந்தியவை.

ஒரு பக்கத்துக்கான தகடுகளின் விலை நூறு பவுண்டுக் கணக்கில்தான் வரும், கூலிதான் பெரிது. மணிக்கு 50 பவுண்டுக்கு மேல் கேட்கும் பட்டறையில் இரு பக்கமும் சேர்ந்து ஆயிரங்களில் போகும். கொடுக்கும் முன், முன் விங்கைக் கழற்றிச் செய்வீர்களா, நடுத்தகட்டையும் மாற்றுவீர்களா, ஒவ்வொரு கட்டத்திலும் படம் தருவீர்களா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள். பட்டறை சொல்லும் காலத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுவது பாதுகாப்பு. அவசர விபத்து வேலை வந்தால் முதலில் ஓரங்கட்டப்படுவது உங்கள் கார்தான்.

9. பெயிண்ட்

பிரைமர் அடித்துவிட்டால் தகடு பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். ஒரு குளிர்காலம் வெளியில் நின்றால் அடியில் துரு தொடங்கிவிடும். எனவே பெயிண்ட் பட்டறையில் தேதி வாங்கிய பிறகு கடைசி வெல்டிங்கை முடிக்குமாறு திட்டமிடுங்கள். கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று செலுத்தும் முகமூடி இல்லாமல் கராஜில் அடிக்கக் கூடாது.

அசல் நிறம் என்னவென்று அறிய, கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஆலைப் பதிவேட்டிலிருந்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருகிறது. தயாரித்த தேதி, நிறம், எஞ்சின் எண் அதில் இருக்கும். நிறத்தை மாற்றினால் லாக்புக்கிலும் மாற்ற வேண்டும். பெயிண்ட் காய்ந்ததும் சில், கதவு, காசில் ரெயில் எல்லாவற்றின் உட்குழிவிலும் மெழுகு பீய்ச்சுங்கள்; வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மின்சாரம், பிரேக், பெட்ரோல்

1967 வரை வந்த கார்களில் பாட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்திருக்கும், பிந்தியவற்றில் எதிர்முனை. எது என்று தெரியாமல் பாட்டரியை மாட்டாதீர்கள். பழுப்புக் கம்பியில் எப்போதும் மின்சாரம் உண்டு, அதற்கு ஃப்யூஸ் கிடையாது. ஆகவே பாட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை முதல் நாளே பொருத்துங்கள். விளக்கு மங்கினாலோ, இண்டிகேட்டர் திணறினாலோ, புதுப் பாகம் வாங்கும் முன் கறுப்புக் கம்பி பாடியோடு சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

நெடுங்காலம் நின்ற காரின் பிரேக் குழாய்கள், சிலிண்டர்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் கூடாது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2311 என்றால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வயதைக் கடந்ததை மாற்றுங்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். குழாய்களைப் புதிய வகைக்கு மாற்றி, எத்தனால் குறைவான ஈ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள்.

11. மீண்டும் சாலைக்கு

கடைசி எம்ஜிபி 1980 அக்டோபரில் வெளிவந்தது; எனவே எல்லா எம்ஜிபிகளும் 40 ஆண்டு வரம்பைக் கடந்தவை. ஆனால் வரி விலக்கு தானாக வராது. லாக்புக்கோடு தபால் நிலையத்துக்குச் சென்று வரி வகையை ‘ஹிஸ்டாரிக்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வரித்தொகை பூஜ்யம் என்றாலும் ஆண்டுதோறும் வரி எடுத்தாக வேண்டும். லண்டன்வாசிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ஹிஸ்டாரிக் வகையில் உள்ள காருக்கு, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் இல்லை, வகை மாற்றாமல் ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு.

எம்ஓடி விலக்குக்கு வி112 அறிவிப்பில் கையெழுத்திடுகிறீர்கள். அது காரில் பெரிய மாற்றம் இல்லை என்ற உங்கள் உறுதிமொழி. விலக்கு இருந்தாலும் எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். கட்டண உச்சவரம்பு 54.85 பவுண்டு, உங்கள் வெல்டிங்கையும் பிரேக்கையும் வேறொருவர் கண் பார்ப்பதற்கு இது மலிவு. சாலைக்குத் தகுதியற்ற காரை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு, விலக்கு அங்கே உதவாது.

காப்பீட்டை, நீங்களும் காப்பீட்டாளரும் முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் எடுங்கள். அதற்குப் படங்களும் ரசீதுகளும் கேட்பார்கள். எம்ஜி கார் கிளப், எம்ஜி ஓனர்ஸ் கிளப் ஆகியவற்றில் ஒன்றின் உறுப்பினராக இருந்தால், மதிப்புக் கடிதம் பெறுவதும் எளிது, காப்பீட்டில் தள்ளுபடியும் கிடைக்கும்.

முதல் 500 மைல் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். அதன் பிறகு எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியையும் சக்கர ஆணிகளையும் பிரேக் இணைப்புகளையும் மறுபடி சோதித்து, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்குக் கிரீஸ் அடியுங்கள். கிரீஸ் அடிக்க வேண்டிய அடுத்த தவணை 3,000 மைல். அதை மைலேஜோடு ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.